பழைய ஜீப்பின் குறைப் பட்டியல்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் வழியை முதன்முறை பார்ப்பவர் அதைப் பாதை என்று ஒப்புக்கொள்ளத் தயங்குவார். பெயர்ந்த கற்கள், மழை அறுத்த பள்ளங்கள், ஒரு பக்கம் முழுக்கச் சரிவு. அதில் ஜீப்புகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கின்றன. தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து போடிமெட்டு, கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போவதும் ஜீப்தான். இப்படி இருபது முப்பது வருடம் உழைத்த வண்டி ஒன்று கைமாறும்போது நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். “வண்டி எப்படிண்ணே?” “ஒரு குறையும் இல்ல தம்பி. எடுத்து ஓட்ட வேண்டியதுதான்.”

குறையில்லாத முப்பது வருட ஜீப் உலகத்தில் கிடையாது. இது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். இதில் என்னை வியக்க வைப்பது, விற்பவர் வெட்கப்பட்டு மறைக்கும் சங்கதிகளில் பாதி குறையே அல்ல என்பதுதான். அந்த வண்டி பிறந்தபோதே கூடப் பிறந்த குணங்கள் அவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் இயற்பியல் காரணம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு விற்பவர் கையில் இருப்பது வெறும் பழைய இரும்பு அல்ல.

முதலில் உறுமல். 1940இல் அமெரிக்க ராணுவம் கேட்டபடி அவசர அவசரமாக வடிவமைக்கப்பட்ட வண்டி ஜீப். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. அந்த வம்சத்தில் வந்த சிஜே-3பி மாடலைத்தான் மஹிந்திரா உரிமம் பெற்று இந்தியாவில் தயாரித்தது. இந்த வண்டியின் பின் ஆக்ஸிலைக் குனிந்து பாருங்கள். இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் உருண்டை நடுவில் இருக்காது, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை, அதன் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கவாட்டில் நகர்த்தித்தான் பின்சக்கரங்களுக்கு அனுப்புகிறது. நகர்த்துவதற்கு நடுவில் ஒரு பல்சக்கரம் வேண்டும். சாதாரணத் தார்ச்சாலையில், இரண்டு சக்கர ஓட்டத்தில் போகும்போதுகூட அந்த நடுப் பல்சக்கரம் சுமை தாங்கிச் சுழன்றுகொண்டுதான் இருக்கும். பல்லோடு பல் கடிக்கும் ஒவ்வொரு முறையும் சிறு அதிர்வு. நொடிக்குப் பல நூறு கடிகள். அதைத்தான் காது உறுமலாகக் கேட்கிறது. புது வண்டியிலும் அது இருந்தது. பேரிங் தேய்ந்தால் உறுமலோடு கரகரப்பு சேரும், ஆக்ஸிலேட்டரை விட்டதும் சத்தத்தின் சுருதி மாறும். பிறவி உறுமலுக்கும் தேய்மான உறுமலுக்கும் உள்ள இந்த வித்தியாசம், அந்த வண்டியை வருடக்கணக்காக ஓட்டியவர் காதுக்குத்தான் பிடிபடும்.

அதே டிரான்ஸ்ஃபர் கேஸில்தான் ஜீப்பின் பெரிய அதிசயமும் இருக்கிறது. சிஜே-3பியில் முதல் கியரின் விகிதம் ஏறத்தாழ 2.8, டிரான்ஸ்ஃபர் கேஸின் ‘லோ’ விகிதம் 2.46, ஆக்ஸிலின் கிரவுன் பினியன் விகிதம் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. எஞ்சின் 37 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். நிமிடத்துக்கு 1000 சுற்று எஞ்சின் ஓடும்போது வண்டி மணிக்கு 4 கிலோமீட்டர்கூடப் போகாது. பக்கத்தில் நடப்பவர் முந்திவிடுவார். இழந்த வேகமெல்லாம் இழுவிசையாக மாறுகிறது. எழுபது குதிரைத்திறன் அளவே உள்ள ஒரு சின்ன எஞ்சின், மூட்டையும் ஆளுமாகக் கல்பாதையில் ஏறுவது இந்தப் பெருக்கல் கணக்கால்தான். இதை வாங்குபவருக்குச் சொல்லாமல் “பிக்கப் கொஞ்சம் கம்மி” என்று மன்னிப்புக் கேட்கும் தொனியில் விற்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

அடுத்து, ‘நாலு வீல் லிவர் சிக்கிக்கொள்கிறது’ என்ற புகார். வண்டி வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒரே தடத்தில் போவதில்லை. பின் ஆக்ஸிலின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். குட்டை ஜீப்பில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடைவெளி 2.03 மீட்டர். பள்ளியில் படித்த செங்கோண முக்கோணக் கணக்குப்படி முன் ஆக்ஸில் சுற்றும் வட்டத்தின் ஆரம் 5.4 மீட்டர். ஒரு முழு வட்டத்துக்குப் பின் ஆக்ஸில் 31.4 மீட்டர் போனால் முன் ஆக்ஸில் ஏறக்குறைய 33.9 மீட்டர் போக வேண்டும். இரண்டரை மீட்டர் வித்தியாசம்! ஆனால் நாலு சக்கர ஓட்டத்துக்கு லிவர் போட்டுவிட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டு ஒரே எண்ணிக்கையில்தான் சுற்றும். சேற்றிலும் சரளையிலும் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் டயர் வழுக்காது. தீர்க்கப்படாத கணக்கு ஷாஃப்டுகளில் முறுக்காக ஏறுகிறது. ஸ்டீரிங் கனக்கும், வண்டி பிடித்து இழுக்கும், பல்சக்கரங்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நிற்பதால் லிவரை விடுவிக்க முடியாது. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு அவிழ்ந்து லிவர் தானாக வந்துவிடும். விவரம் தெரியாத ஒருவர் இதற்காக டிரான்ஸ்ஃபர் கேஸையே பிரித்துப்போடக்கூடும்.

இதே கணக்கு டயருக்கும் பொருந்தும். முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர் என்று போட்டு, ஆரத்தில் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் போதும். 35 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தில் அது கிலோமீட்டருக்கு 28 மீட்டர் பிசகு. நேர்ச்சாலையில் போனாலும் முறுக்கு ஏறும். நாலு டயரும் ஒரே அளவா என்பது பழைய ஜீப் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது; விற்பவர் முதலில் சொல்ல வேண்டியதும்கூட.

இனி, ஓட்டத்தில் வரும் அதிர்வு. கியர்பாக்ஸ் ஓர் உயரத்தில், ஆக்ஸில் இன்னோர் உயரத்தில்; பட்டை ஸ்பிரிங் அமுங்கி எழ எழ ஆக்ஸில் மேலும் கீழும் ஆடும். இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் சாய்ந்துதான் சுழல வேண்டும். அதற்காகத்தான் இரு முனையிலும் கிராஸ் ஜாயின்ட். பதினேழாம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்து விளக்கிய இந்த மூட்டில் ஒரு விசித்திரம் உண்டு. நுழையும் சுழற்சி சீராக இருந்தாலும் வெளியேறும் சுழற்சி சீராக இருக்காது. சாய்வு 20 டிகிரி என்றால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை 6 சதவீதம் வேகமெடுத்து, இரண்டு முறை 6 சதவீதம் பின்தங்கும். முதல் மூட்டு உண்டாக்கும் இந்தத் தள்ளாட்டத்தை, அடுத்த மூட்டு அதே அளவு எதிர்த்தள்ளாட்டத்தால் அழித்துவிடுகிறது. இரண்டு தள்ளாட்டங்களைச் சேர்த்து ஒரு சீரான சுழற்சியைப் பெறும் இந்த யோசனையின் அழகு எனக்கு இன்னும் அலுக்கவில்லை. ஆனால் அது பலிக்க, ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். அதனால்தான் பல ஷாஃப்டுகளில் அம்புக்குறி பொறித்திருப்பார்கள். ஒர்க்‌ஷாப்பில் கழற்றியவர் குறியைப் பார்க்காமல் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால், நேற்று வரை இல்லாத அதிர்வு இன்று வரும். செலவில்லாமல் தீர்க்கக்கூடிய ஒரு தவறு, விலையில் பெருந்தொகையைக் குறைத்துவிடும்.

ஆயில் கசிவு. முன் ஆக்ஸிலின் இரு முனையிலும் சக்கரம் திரும்புவதற்காக இருக்கும் உருண்டை மூட்டைச் சுற்றி, கிரீஸைத் தடுக்கக் கம்பளிப் பட்டைதான் வைத்திருக்கிறார்கள். அங்கே ஈரம் தெரிவது இயல்பு. ஆக்ஸிலிலிருந்து சொட்டினால் மட்டும் சீலைக் குற்றம் சொல்வதற்கு முன் பிரீதரைப் பார்க்க வேண்டும். ஆக்ஸிலுக்குள் அடைபட்ட காற்று 25 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் 18 சதவீதம் ஏறும். மூச்சுவிடும் அந்தச் சின்னத் துளை சேற்றில் அடைத்திருந்தால், ஏறிய அழுத்தம் சீலின் வழியே ஆயிலை வெளியே தள்ளும். சூடான ஆக்ஸிலோடு ஓடையில் இறங்கினால் இது தலைகீழாக நடக்கும்: காற்று திடீரென்று குளிர்ந்து சுருங்க, தண்ணீரை உள்ளே உறிஞ்சும். வடிகால் நட்டைத் திறந்ததும் ஆயில் பால் கலந்தாற்போல் வெளுத்து வந்தால் அந்த வண்டி ஓடையில் நின்ற கதை தெரிந்துவிடும்.

டீசல் ஜீப்பாக இருந்தால் குளிர்காலைப் புகையும் உண்டு. மஹிந்திராவின் எம்எம்540 ஜீப்பில் இருந்த 2112 சிசி பியூஜோ எக்ஸ்.டி.பி. எஞ்சினில் தீப்பொறி கொடுக்கப் பிளக் கிடையாது. இருபது மடங்குக்கு மேல் அமுக்கப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். ஏட்டுக் கணக்கில் அந்தச் சூடு 500 டிகிரியைத் தாண்டும். பனி இறங்கிய விடியலில் குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டைத் தின்றுவிடும். தேய்ந்த பிஸ்டன் ரிங்கின் வழியே காற்றும் நழுவும். எரியாத டீசல் வெண்புகையாக வரும். ஹீட்டர் பிளக் போட்டு, எஞ்சின் சூடானதும் நின்றுவிடும் வெண்புகைக்குப் பயப்பட வேண்டியதில்லை. சூடான பிறகும் நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள். ஆகவே, வாங்குபவர் வரும் நேரத்துக்கு எஞ்சினை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைப்பது சாட்சியை அழிப்பதற்குச் சமம். குளிர்ந்த எஞ்சினின் பானட்டில் அவரே கை வைத்துப் பார்க்கட்டும்.

இதுவரை சொன்னவற்றோடு சேர்க்கக்கூடாத குறைகளும் இருக்கின்றன. ஒரு குழியில் விழுந்து எழுந்ததும் ஸ்டீரிங் இடமும் வலமும் வெறிபிடித்ததுபோல் அடித்துக்கொண்டு, வேகத்தைக் குறைக்கும்வரை நிற்காமல் போவது அவற்றில் முக்கியமானது. கிங் பின் பேரிங்கோ டை ராடு முனையோ தளர்ந்த முன் ஆக்ஸிலில் இது வரும். குழி அதைத் தொடங்கி மட்டும்தான் வைக்கும். அதன்பின் வண்டியின் ஓட்டத்திலிருந்தே சக்தியை எடுத்து ஆட்டம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் இது வந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. சேஸில் துருவும் அப்படித்தான். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். ஒட்டியிருக்கும் இரண்டு தகடுகளைப் பிளந்து உப்ப வைத்துவிடும். கடலோரத்தில் ஓடிய வண்டியில் இதை முதலில் தேட வேண்டும். இவற்றைச் சரிசெய்யாமல் விற்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். சரிசெய்ய முடியாவிட்டால் “ஓட்டிப் போகாதே, லாரியில் ஏற்றிப் போ” என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் விலை படுத்துவிடாதா? இந்தக் கேள்விக்குப் பொருளாதாரத்தில் ஒரு பதில் இருக்கிறது. 1970இல் ஜார்ஜ் அகெர்லாஃப் எழுதிய கட்டுரையின் களமே பழைய கார் சந்தைதான். மூன்று ஆய்விதழ்கள் நிராகரித்த பிறகு வெளிவந்த அந்தக் கட்டுரை, 2001இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்த ஆய்வுகளுக்கு அடித்தளம். நல்ல ஜீப்புக்கு 4 லட்சம் பெறும், மோசமானதற்கு 1 லட்சம் பெறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன. வாங்குபவர் பயந்து நடுவிலையாக இரண்டரை லட்சம்தான் கேட்பார். அந்த விலைக்கு நல்ல ஜீப்பின் சொந்தக்காரர் கொடுக்க மாட்டார், விலகிக்கொள்வார். மிஞ்சுவது மோசமானவை. அது தெரிந்ததும் விலை இன்னும் இறங்கும். பொய் சொல்பவர் ஒருவரே என்றாலும், உண்மை சொல்பவரின் வண்டிக்கும் சேர்த்து விலை விழுகிறது.

1981இல் பால் மில்கிராமும் சான்ஃபோர்டு கிராஸ்மேனும் தனித்தனியே இதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள். சரிபார்க்கக்கூடிய ஒன்றை விற்பவர் சொல்லாமல் விட்டால், வாங்குபவர் அந்த மௌனத்தையே மோசமான சேதியாக எடுத்துக்கொள்வார். டிரான்ஸ்ஃபர் கேஸைப் பற்றி வாய் திறக்காதவரின் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடைந்தது என்றே மதிப்பிடப்படும். “மூன்றாவது கியர் இறக்கத்தில் நழுவும், கையால் பிடித்துக்கொள்ள வேண்டும்” என்று ஒருவர் சொன்னால், அவர் சொல்லும் நல்லதையும் நம்ப இடம் கிடைக்கிறது. தனக்கு நஷ்டமான ஒன்றை வலியச் சொல்வதற்குப் பொய்யருக்குக் காரணம் இல்லை.

சட்டமும் ஏறக்குறைய இந்தக் கோட்டில்தான் நிற்கிறது. பழைய பொருளைப் பார்த்து வாங்க வேண்டிய பொறுப்பு பொதுவாக வாங்குபவருடையது என்கிறது 1930ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டம். ஆனால் தெரிந்த உண்மையை ஏமாற்றும் எண்ணத்தோடு முனைந்து மறைப்பது மோசடி என்று 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. சத்தத்தை அடக்கக் கியர்பாக்ஸில் மரத்தூளைப் போடும் பழைய தந்திரம் இந்த வகை.

பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சின் மாற்றியிருந்தால், ஆர்.சி. புத்தகத்தில் அது ஏறியிருக்கிறதா என்பதும் விற்பவர் எழுதித் தரும் குறைப் பட்டியலில் இடம்பெற வேண்டும். அனுமதியில்லாத மாற்றத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. பதிவு 15 வருடம் தாண்டிய சொந்த உபயோக வண்டி என்றால், ஐந்து வருடப் புதுப்பிப்பு எந்தத் தேதி வரை என்பதையும் எழுத வேண்டும். படிவம் 29, 30 இரண்டையும் நிரப்பி, மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் விற்பவர் தகவல் கொடுத்தாக வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் பெயருள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. பட்டியலை இரண்டு பிரதியாக எழுதி, வாங்குபவரின் கையெழுத்தோடு ஒன்றை விற்பவர் வைத்துக்கொள்வது நல்லது, மற்றது ஆர்.சி. புத்தகத்தோடு வண்டியில் போகட்டும்.