தோட்டத்துப் பறவைகளைப் படம் பிடித்தல்

புசல்லாவைச் சரிவுகளில் மரக்கறி பயிரிடும் கமக்காரர், பறவைகளைப் படம் பிடிக்கக் காடு செல்ல வேண்டியதில்லை; விலையுயர்ந்த கருவியும் வேண்டியதில்லை. சென்னை இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996), பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே பொருத்தியமைத்த புகைப்படப் பெட்டியைக் கொண்டே புகழ்பெற்ற படங்களை எடுத்தார். இன்று வீட்டிலுள்ள கைப்பேசியே போதும்.

சன்னலுக்கு வெளியே 6 அடி தூரத்தில் காய்ந்த கிளையொன்றை நட்டு, அதனடியில் ஆழமற்ற தட்டில் நீர் வைத்தல் வேண்டும். சன்னலைச் சாக்கினால் மறைத்துச் சிறு துளையிடுக. கருவியை மணற்பையின் மீது அசையாது இருத்துக. காலை வெயில் பக்கவாட்டில் விழும் இடம் நன்று. சூரியனை நேர்நோக்கி எடுத்தால் பறவை கருநிழலாகவே தெரியும். பறவைகள் பழகச் சில நாட்கள் செல்லும். கூட்டை நெருங்குதலும், அதனை மறைக்கும் இலைகளை வெட்டுதலும் ஆகா. தாய்ப்பறவை கூட்டைக் கைவிடக்கூடும். காகமும் குஞ்சுகளைக் கண்டுகொள்ளும்.

படத்தில் பறவையின் அலகை நோக்குக. செண்பகம் நத்தையையும், மைனா உழுத மண்ணின் புழுக்களையும் தின்பது தெரியவரும். கொண்டைக்குருவி பழத்தைக் கொத்தினாலும், குஞ்சுகளுக்குப் பூச்சிகளையும் ஊட்டும். நாள், பயிர், அலகிலிருந்த இரை ஆகியவற்றைக் குறித்து வைத்தால், போகத்தின் முடிவில் எப்பயிரை வலையால் மூடுவது, எப்பறவையைத் தோட்டத்தில் இருக்கவிடுவது என்பது விளங்கும். அதுவரை கவணைக் கையில் எடுக்கலாகாது.