தையல் எந்திரங்களில் மோட்டார் மாற்றம்

திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களின் பழைய ஓவர்லாக், பேட்லாக் எந்திரங்களில் கிளட்ச் மோட்டாரை நீக்கிச் செர்வோ மோட்டார் பொருத்துவது மின்சாரத்தைச் சேமிக்கும் ஒரு வழியாகும். கிளட்ச் மோட்டார், தையற்காரர் துணியை எடுத்துப் பொருத்தும் நேரத்திலும் நிற்காமல் சுழலும். மிதியை அழுத்தும்போது கிளட்ச் அச்சுழற்சியை எந்திரத்துக்குக் கடத்தும். செர்வோ மோட்டாரோ மிதியை அழுத்தினால் மட்டுமே சுழலும். இதனால் இரைச்சலும் வெப்பமும்கூடக் குறைகின்றன.

இந்திய அரசு 1999 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம், நவீன எந்திரங்கள் வாங்கும் கடனுக்கு 5% வட்டிச் சலுகை அளித்தது. கடன் சுமையை ஏற்க இயலாத சிறு நிறுவனங்களுக்கு, எந்திரத்தை வைத்துக்கொண்டு மோட்டாரை மட்டும் மாற்றுவது செலவு குறைந்த வழி. எனினும், இடைவிடாது தைக்கும் எந்திரத்தில் சேமிப்பு குறைவு. நின்று நின்று தைக்கும் எந்திரத்திலேயே போட்ட பணம் விரைவில் திரும்பும்.