மக்கள் வாழும் கோட்டை

ராஜஸ்தான் மாநிலத்தின் தார்ப் பாலைவனத்தில், திரிகூட மலைமீது அமைந்துள்ளது ஜெய்சல்மேர்க் கோட்டை. கி.பி. 1156ஆம் ஆண்டில் ராவல் ஜெய்சல் என்னும் அரசர் இதனை நிறுவினார். 99 கொத்தளங்களைக் கொண்ட இக்கோட்டை மஞ்சள்நிற மணற்கல்லால் ஆனது; மாலை வெயிலில் பொன்போல ஒளிர்வதால் ‘பொற்கோட்டை’ எனப் பெயர்பெற்றது. பிற கோட்டைகள் பலவற்றில் இன்று எவரும் குடியிருப்பதில்லை. இங்கோ மதிலுக்குள் ஏறத்தாழ 3,000 பேர் வாழ்கின்றனர்.

1974இல் சத்யஜித் ராய் இயக்கிய ‘சோனார் கெல்லா’ என்னும் வங்கத் திரைப்படம் இக்கோட்டையைப் பலரும் அறியச் செய்தது. 2013இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது. பயணிகள் பெருகப் பெருக, வீடுகள் பல விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறின.

முற்காலத்தில் மக்கள் கடிசர் ஏரியிலிருந்து குடங்களில் நீர் சுமந்து வந்தனர். அதனைச் சிக்கனமாகச் செலவிட்டனர். குழாய்நீர் வந்தபின், விடுதிகளில் நீரின் பயன்பாடு பன்மடங்காயிற்று. கழிவுநீர் கசிந்து மலையின் களிமண் அடுக்குகளை நெகிழச் செய்தது. கொத்தளங்கள் சில இடிந்து விழுந்தன.

இந்நிலையில் கோட்டைவாசிகளின் கருத்து ஒருதன்மையாக இல்லை. விடுதி நடத்துவோரும் கைவினைப்பொருள் விற்போரும், “வறண்ட இம்மண்ணில் சுற்றுலாவே எங்களுக்குச் சோறிடுகிறது” என்பர். வேறு சிலரோ நெரிசலாலும் குப்பையாலும் அமைதி குலைந்ததாக வருந்துவர். வீட்டுச் சுவரைச் செப்பனிடுவதற்கும் அனுமதி பெறவேண்டியிருப்பது பலருக்குச் சுமையாக உள்ளது. எனினும், மக்கள் அனைவரையும் வெளியேற்றுவதே தீர்வு என்பதைப் பலர் ஏற்பதில்லை. மக்கள் நீங்கினால் அடுப்புப் புகையும் திருவிழா ஒலியும் நீங்கும். எஞ்சுவது வெறுங்கல்லே என்பது அவர்கள் கருத்து.

கோட்டை நிலைத்தால்தான் வருவாய் நிலைக்கும். ஆகவே கழிவுநீர் வடிகாலைச் சீர்செய்தல், விடுதிகளை மதிலுக்கு வெளியே அமைத்தல் போன்ற முடிவுகளை, அங்கு வாழ்வோரையும் கலந்தே எடுத்தல் வேண்டும்.

சொற்பொருள்: கொத்தளம் – மதிலில் புடைத்து நிற்கும் காவல் அரண், நெகிழ்தல் – இளகுதல்

சிந்தித்து எழுதுக
1. கொத்தளங்கள் இடிந்ததற்குக் காரணம் யாது?
2. சுற்றுலா குறித்துக் கோட்டைவாசிகள் மாறுபட்ட கருத்துக் கொள்வது ஏன்?