புல்லும் சோலையும் சேர்ந்த காடு

நீலகிரியின் மேற்கு விளிம்பில், ஏறக்குறைய 78 சதுர கிலோமீட்டரில் இருக்கிறது முக்கூர்த்தி தேசியப் பூங்கா. அங்கே முதலில் கண்ணில் படுவது புல்தான். குன்றுகளின் முதுகெல்லாம் புல். மலை மடிப்புகளில் மட்டும் அடர்ந்த மரக்கூட்டம். அந்தக் கூட்டத்துக்குத்தான் சோலை என்று பெயர்.

மடிப்பை விட்டு மரங்கள் மேலேறாததற்கு முக்கியமான ஒரு காரணம் உறைபனி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த வெளியின் குளிர் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கும். அங்கே முளைத்த சோலை மரக்கன்றின் தளிர் கருகிவிடும். புல்லுக்கும் நுனி கருகத்தான் செய்யும். ஆனால் மண்ணை ஒட்டிய குருத்து பிழைத்துக்கொள்ளும்.

சோலைக்குள் மரங்கள் குட்டையானவை. கிளைகள் முறுகி, பட்டையே தெரியாதபடி பாசி மூடியிருக்கும். அந்த நிழலில், தரையை ஒட்டிய புதர்களில் பூச்சி தேடுகிறது கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான். சில அடி தள்ளி வெளியே வந்தால் நீலகிரி நெட்டைக்காலியின் ஆட்சி. பழுப்புக் கோடுகள் போட்ட இந்தச் சிறு பறவை, புல் தூரின் அடியில் தரையிலேயே கூடு கட்டுகிறது. இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியவை. நெட்டைக்காலிக்குப் புல்வெளியை விட்டால் வேறு வீடு கிடையாது.

வரையாட்டுக்கும் அப்படித்தான். மேய்ச்சல் புல்வெளியில், ஆபத்து என்றால் ஓட்டம் செங்குத்துப் பாறைக்கு. சிறுத்தை பதுங்கி வருவதைத் தூரத்திலேயே பார்க்க அதற்குத் திறந்த வெளி வேண்டும். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் பதிவான வரையாடுகள் 1,031தான்.

இந்தப் புல்வெளியைத்தான் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே பயனற்ற தரிசு என்று எண்ணினார்கள். ஆஸ்திரேலியாவின் சீகையும் கற்பூர மரமும் 19ஆம் நூற்றாண்டில் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிட உதவும் பட்டைக்காகவும், செயற்கை இழைக்கான மரக்கூழுக்காகவும் பெரும் பரப்பில் நட்டார்கள். மரம் நட்டால் நல்லதுதானே என்று இன்றும் கேட்கிறார்கள். இங்கே நல்லதில்லை. நெட்டைக்காலியின் கூடும் வரையாட்டின் மேய்ச்சலும் அதனால்தான் சுருங்கின. இம்மலையின் பழங்குடிகளான தொதவர்கள் கோயில் கூரை வேயும் சதுப்புப் புல்லும் அரிதாகிவிட்டது.

சீகையை வெட்டினால் மட்டும் போதாது. அதன் விதைகள் பல பத்தாண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடந்து, தீ பட்டதும் கூட்டமாக முளைக்கும். ஆகவே வெட்டிய இடத்துக்கு ஆண்டுதோறும் திரும்பிப் போய், கன்றுகளை வேரோடு பிடுங்கி, நாட்டுப் புல்லின் தூர்களைக் கையால் நட வேண்டியிருக்கிறது.