வலை முகவரியில் இடைவெளி

உலாவியின் முகவரிப் பட்டையில் சில வேளைகளில் ‘%20’ என்னும் குறி தென்படுவது, பெரும்பாலும் சர்வரில் உள்ள ஒரு கோப்புக்கோ கோப்புறைக்கோ இடைவெளி விட்டுப் பெயர் சூட்டப்பட்டிருப்பதன் விளைவாகும். கண்ணுக்கு வெறுமையாகத் தோன்றினாலும் இடைவெளி கணினிக்கு ஓர் எழுத்தே. எழுத்துகளுக்கு எண் வழங்கும் ஆஸ்கி அட்டவணையில் அதன் எண் 32, அதாவது பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்முறையில் 20. அந்த எண்ணுக்கு முன்னால் சதவீதக் குறியை இட்டு அனுப்புவது சதவீதக் குறியேற்றம் எனப்படும்; அதைச் சர்வர் மீண்டும் இடைவெளியாக மாற்றிக் கோப்புறையைத் தேடும்.

உலாவி அனுப்பும் வேண்டுகோளின் முதல் வரியில் செய்யவேண்டிய செயல், பக்கத்தின் பாதை, நெறிமுறையின் பதிப்பு ஆகிய மூன்றும் இடைவெளியால்தான் பிரிக்கப்படுகின்றன என்பதால், பாதைக்குள்ளேயே இடைவெளி வருமானால் அது எங்கே முடிகிறது என்பது குழம்பிவிடும். டிம் பெர்னர்ஸ் லீயும் பிறரும் 1994 டிசம்பரில் வெளியிட்ட ஆர்எஃப்சி 1738 என்னும் வரையறை இன்னொரு காரணத்தையும் கூறுகிறது: முகவரியைப் படியெடுக்கும்போதும் அச்சுக்கோக்கும்போதும் இருக்கவேண்டிய இடைவெளி மறைந்துபோகலாம், தேவையற்றது நுழைந்துவிடலாம். 2005இல் வந்த ஆர்எஃப்சி 3986இன் இலக்கணத்திலும் இடைவெளிக்கு இடமில்லை.

குறியேற்றம் இருந்தும் தொல்லை தீர்ந்துவிடுவதில்லை. நிதியாண்டைக் குறிக்க ‘2023 24’ என்று பெயரிடப்பட்ட கோப்புறை முகவரியில் ‘2023%2024’ என்று உருமாறுகிறது. சதவீதக் குறியை அடுத்த இரண்டு இலக்கங்களை மட்டுமே குறியாகக் கொள்ளவேண்டும் என்ற விதியை அறிந்த சர்வர் அதைப் பிழையின்றிப் படித்துவிடும் என்றாலும், படிக்கும் மனிதர் அதில் 2024ஆம் ஆண்டைக் கண்டு ஏமாறுவது இயல்பே. ஏற்கெனவே குறியேற்றப்பட்ட முகவரியை ஒரு மென்பொருள் மறுபடியும் குறியேற்றினால், சதவீதக் குறியே %25 ஆகி, %20 என்பது %2520 ஆகிவிடுகிறது. அதை ஒருமுறை மட்டும் அவிழ்க்கும் சர்வர், இல்லாத கோப்புறையைத் தேடி 404 என்னும் பிழையைத் திருப்பித் தருகிறது. படிவங்களில் நிரப்பியதை அனுப்புகையில் இடைவெளியைக் கூட்டல் குறியாக எழுதும் வழக்கமும் உண்டு. ஆனால் பாதைப் பகுதியில் கூட்டல் குறி கூட்டல் குறியாகவே கொள்ளப்படுவதால், இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் தவறிவிடுகின்றனர்.

இவற்றைவிட ஆபத்தானது சர்வரின் கட்டளை வரி. லினக்ஸில் கட்டளையின் உறுப்புகளைப் பிரிப்பதும் இடைவெளியே ஆதலால், மேற்கண்ட கோப்புறையை மேற்கோள் குறிக்குள் இடாமல் நீக்கச் சொன்னால், கணினி ‘2023’, ‘24’ என்னும் இரு வேறு கோப்புறைகளை நீக்க முற்படும். ‘2023’ என்று வேறொரு கோப்புறை உண்மையிலேயே அங்கிருந்தால், கேட்பாரின்றி அழிந்தும் போகும். அப்பாச்சி சர்வரின் அமைப்புக் கோப்பிலும் இடைவெளியுள்ள பாதையை மேற்கோள் குறிக்குள்தான் எழுதவேண்டும்.

ஆகவே பெயரிடும்போதே இடைவெளிக்குப் பதிலாகச் சிறுகோடு இடுவது நல்லது. விக்கிப்பீடியா அடிக்கோட்டைப் பயன்படுத்துகிறது. பழைய கோப்புறைகளின் பெயரை மாற்றுவோர், முன்னரே பரவிவிட்ட இணைப்புகள் அறுந்துவிடாதபடி, பழைய முகவரியைத் தேடி வருவோரைப் புதியதற்கு அனுப்பும் 301 என்னும் நிரந்தரத் திசைமாற்றத்தையும் உடன் அமைக்கவேண்டும்.