பூட்ஸைக் கழட்டின பிறகு சம்பளம் எங்கிருந்து வரும்? சபீர் பாஷா கதையில ஒரு கணக்கு

போன வாரம் எட்டயபுரத்துல ஒரு அண்ணன் கேட்டார்: "தம்பி, பையன் பிளஸ் டூ முடிச்சுட்டான். பந்துதான் ஆடுவேன்ங்கிறான். சோறு போடுமா?"

கோவில்பட்டி பக்கம்னாலே ஹாக்கிதான். ஆனா அவர் பையனுக்குக் கால்பந்துதான் உயிர். அதனால சையத் சபீர் பாஷா கதையைச் சொன்னேன்.

சென்னைக்காரர். 1990கள்ல இந்திய அணிக்கு ஆடிய முன்கள வீரர். நீங்க கவனிக்க வேண்டியது கோல் கணக்கை இல்ல. அவர் ஆடினது இந்தியன் வங்கி அணிக்கு. அதாவது பந்தும் உண்டு, வங்கி வேலையும் உண்டு. ஆட்டத்தை நிறுத்தின பிறகு பயிற்சியாளர் ஆனார். சென்னையின் எஃப்.சி.யில் உதவிப் பயிற்சியாளரா இருந்தப்போ, 2018 மார்ச்ல பெங்களூருவை 3-2னு ஜெயிச்சு ஐ.எஸ்.எல். கோப்பை வந்தது. 2022 பிப்ரவரியில தலைமைப் பயிற்சியாளர் போஜிதார் பாந்தோவிச் விலகினதும், இடைக்காலப் பொறுப்பு பாஷா கைக்கு வந்துச்சு.

இங்கதான் பணக் கணக்கு. 2017 முதல் 2022 வரை அந்த ஒரே கிளப்புக்குத் தலைமைப் பயிற்சியாளர்கள் ஐந்து பேர்! கிரெகரி, காயில், லாஸ்லோ, பாந்தோவிச், பிர்தாரிச். நாலு மேட்ச் தோத்தா நாற்காலி ஆடிடும். வீரர்கள் நிலைமை மட்டும் என்ன? 2025 ஆகஸ்ட்ல, அடுத்த சீசன் நடக்குமானே தெரியாத நேரத்துல, பெங்களூரு எஃப்.சி. தன் சீனியர் அணிக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தையே நிறுத்தி வச்சுது. ஆறு மாச அவசர நிதி போதும்னு நான் வழக்கமா சொல்வேன்ல? விளையாட்டுக்காரங்களுக்கு அது பத்தாது, ஒரு வருஷச் செலவு கையில வேணும்.

நம்ம கரிசல் காட்டுல மழையை மட்டும் நம்பி யாராவது ஒரே வெள்ளாமை போடுவாங்களா? மக்காச்சோளம் ஒரு பக்கம், உளுந்தும் பாசியும் ஒரு பக்கம்.

பையன் 20 வயசுல மாசம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி. ஆரம்பிச்சா, 32 வயசுல போட்டது 7.2 லட்சம். ஆண்டுக்கு 10% வளர்ச்சின்னு வச்சுக்கிட்டா (உத்தரவாதம் கிடையாதுங்க) சுமார் 14 லட்சம் இருக்கும். பூட்ஸைக் கழட்டுற வயசுல அது பெரிய தைரியம்.

பயிற்சியாளர் லைசென்ஸும் முதலீடுதான். டி, சி, பி, ஏ, ப்ரோன்னு படிப்படியா ஏறணும். ஆடுற காலத்துலயே முதல் படியை முடிச்சு வைக்கலாம். தமிழ்நாடு அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3% ஒதுக்கீடு இருக்கு. அதனால மேட்ச் சான்றிதழ் ஒண்ணைக்கூடத் தொலைக்காம ஃபைல் போட்டு வைங்க. டிகிரியையும் விட்டுடாதீங்க.

எல்லாம் கேட்டுட்டு அண்ணன், "அப்போ புது பூட்ஸ் வாங்கிக் கொடுக்கவா, வேண்டாமா?"ன்னார்.

"தாராளமா வாங்குங்கண்ணே. இ.எம்.ஐ.ல மட்டும் வேண்டாம்."