மீன்தொட்டியும் மின்சாரமும்

வயலில் பயிரும் புறக்கடையில் வண்ணமீனுமாக இருவகை வருமானம் தேடும் குடியானவர்கள் பலர் உளர். சென்னைக் கொளத்தூர் இத்தொழிலுக்குப் பேர்பெற்றது. கப்பி, மோலி, தங்கமீன் முதலியவற்றைச் சிமெண்டுத் தொட்டிகளிலும் கண்ணாடித் தொட்டிகளிலும் வளர்க்கின்றனர். விற்பனைக்கு அன்றி, குழந்தைகளின் மகிழ்ச்சிக்கென்றே கூடத்தில் ஒரு தொட்டி வைத்திருக்கும் வீடுகளும் அநேகம். இத்தொட்டிகளில் காற்றுப் பம்பு அல்லும் பகலும் ஓடுகிறது. மார்கழி, தை மாதக் குளிரில் வெள்ளைப்புள்ளி நோய்க்கு அஞ்சிப் பலர் கண்ணாடி ஹீட்டரையும் நீரில் இறக்குகின்றனர். இவை பெரும்பாலும் 230 வோல்ட் மின்சாரத்தில் இயங்குவன. ஆதலின் மீனைப் பேணுவதில் காட்டும் கவனத்தில் ஒரு பங்கையேனும் மனித உயிரைக் காப்பதில் காட்டுதல் அவசியம்.

மீன் உயிரோடிருப்பது அத்தாட்சியாகாது

“மீன்கள் சுகமாக நீந்துகின்றன, தொட்டியில் மின்சாரம் எப்படி இருக்கும்?” என்று கேட்போர் உண்டு. இது பெரும் பிழை. மின்கம்பியில் அமர்ந்த காக்கைக்குத் தீங்கு நேராததுபோலவே, மின்சாரம் கசிந்த கண்ணாடித் தொட்டியிலுள்ள மீனுக்கும் தீங்கு நேராதிருக்கலாம். மின்சாரம் பூமிக்குச் செல்ல வழியின்றி நீர் முழுவதும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தில் நிற்பதே காரணம். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஒருவர் அந்நீரில் கை வைத்த கணமே, அவருடைய உடல் அவ்வழியாகிவிடுகிறது. மீனின் நோய்க்கென உப்பிட்ட நீரில் மின்சாரம் இன்னும் எளிதாகப் பாயும்.

பியூஸ் காப்பது எதனை?

“பியூஸ் இருக்கிறதே” என்று தைரியங்கொள்வதும் தகாது. பியூஸ், கம்பி சூடேறித் தீப்பற்றாமல் காப்பதற்கு ஏற்பட்டது. ஆளைக் காப்பதற்கு அன்று. ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி ஆம்பியர் எனப்படும். ஏறக்குறைய 10 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே தசைகள் இறுகி, பிடித்த பொருளை விட முடியாமற் போகலாம்; 30 மில்லி ஆம்பியருக்கு மேல் நீடித்தால் மூச்சுக்கும் இருதயத்துக்கும் ஆபத்து. நனைந்த உடலின் தடையை 1,000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் பாயும். 5 ஆம்பியர் பியூஸோ 5,000 மில்லி ஆம்பியரைத் தாங்குவது. ஆள் மாண்டாலும் அது உருகாது.

இதற்கு ஏற்ற காவல், கடைகளில் ஆர்.சி.சி.பி. என்று வழங்கும் மின்கசிவுத் தடுப்புக் கருவியாகும். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக உள்ளனவா என்று அது இடையறாது ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், ஒரு நொடியில் பத்தில் மூன்று பங்குக்குள் இணைப்பைத் துண்டிக்கிறது. வாங்குவோர் 30 மில்லி ஆம்பியர் என்று குறித்ததையே கேட்டு வாங்குக. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். இரு கம்பிகளையும் ஒருசேரத் தொட்டவரை இக்கருவியும் காவாது என்பதை மறத்தலாகாது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. நீரில் கை வைக்குமுன் பிளக்கையே பிடுங்கிவிடுக. ஸ்விட்ச் தவறாக நியூட்ரல் கம்பியில் மாட்டப்பட்டிருந்தால், அதனை அணைத்த பின்னும் சாதனத்தில் மின்சாரம் இருக்கும்.

2. கம்பி, பிளக் இருக்கும் இடத்தைவிடத் தாழ்ந்து வளைந்து, பின் மேலேறிப் பிளக்கைச் சேர வேண்டும். அப்போது வழிந்துவரும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்கினுள் புகாது.

3. காற்றுப் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். இன்றேல் மின்சாரம் நின்றபோது நீர் குழாய் வழியே திரும்பிப் பம்பினுள் இறங்கும்.

4. நீரை மாற்றுமுன் ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கிக் கால்மணி நேரம் ஆறவிடுக. சூடான கண்ணாடி நீருக்கு வெளியே நின்றாலும், அதன்மீது குளிர்நீர் பட்டாலும் வெடிக்கக்கூடும். விரிசல் கண்ட ஹீட்டரை ஒட்டிப் பயன்படுத்தாது எறிந்துவிட வேண்டும்.

5. இரும்புத் தாங்கிக்கும் உலோக விளக்கு மூடிக்கும் எர்த் இணைப்பு இருத்தல் வேண்டும். மூன்று முனைப் பிளக்கின் பெரிய முனையை ஒடித்து இரு முனைத் துளையில் செருகும் வழக்கம் உயிருக்கு உலை வைப்பதாகும்.

6. இணைப்புப் பலகையைத் தரையில் கிடத்தாமல் சுவரில் உயர மாட்டுக.

விபத்து நேர்ந்தால்

அதிர்ச்சியுற்றவரை வெறுங்கையால் தொடலாகாது. முதலில் மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். அது கைக்கெட்டாவிடில், உலர்ந்த இடத்தில் நின்று உலர்ந்த மரக்கழியால் அவரை விலக்குக. பின் 108-க்குச் செய்தி அனுப்பி, மூச்சு நின்றிருந்தால் மார்பின் நடுவில் இரண்டு அங்குலம் அமுங்கும்படி நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை, உதவி வரும்வரை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும்.

கிராம அதிகாரிகள் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் உள்ள தொட்டிகளை லைசென்ஸ் பெற்ற வயர்மேனைக்கொண்டு சோதிக்கச் செய்வதும், கிராமசபையில் இவ்விஷயத்தை எடுத்துரைப்பதும் நலம். மீன் இறந்தால் வேறு மீன் வாங்கலாம். மீனுக்கு இரை போடச் சென்ற குழந்தையின் உயிருக்கு ஈடு எந்தச் சந்தையிலும் கிடையாது.